பழைய புல்லட்டின் தளர்ச்சி: காரணம் காணும் முறை

வடலூர் நாற்சந்தி, கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் பண்ணுருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் கூடுமிடமாகும். காலை வேளையில் அங்குச் சிறிது நேரம் நின்று பார்ப்போர், புதிய வண்டிகளுக்கு நடுவே இருபது முப்பது ஆண்டுகளைக் கடந்த புல்லட் மோட்டார் சைக்கிள்களும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். குறிஞ்சிப்பாடியிலிருந்து கைலி மூட்டை ஏற்றி வருவது ஒன்று. கரும்பு வெட்டு உத்தரவை விசாரித்து வரச் சேத்தியாத்தோப்புக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் புறப்படுவது மற்றொன்று. பலாப்பழங்களைப் பின்னால் கட்டிக்கொண்டு பண்ணுருட்டிக்கு விரைவது வேறொன்று. தகப்பனார் வாங்கிய வண்டியைப் பிள்ளை ஓட்டுகிறார். இவர்களுக்கு அவ்வண்டி ஆடம்பரப் பொருளன்று. தறியும் ஏரும் போல அதுவும் ஒரு தொழிற்கருவியே.

சங்கங்களுக்கு நாம் செல்லும்போது, கணக்கு வேலை முடிந்தபின் அங்கத்தினர் சிலர் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்குவது வழக்கம். "முன்போல இழுவை இல்லை," என்பார் ஒருவர். "பாலத்து ஏற்றத்தில் திணறுகிறது," என்பார் இன்னொருவர். பத்துக் கிலோமீட்டர் சென்றதும் தானாக நின்றுவிடுகிறது என்றும், பெட்ரோல் அளவுக்கு மீறிச் செலவாகிறது என்றும் குறை கூறுவோர் பலர். இவர்களுக்கெல்லாம் பட்டறையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "போர் போய்விட்டது, இஞ்சினைப் பிரித்தாக வேண்டும்."

போர் தேய்வது உண்மையிலேயே நிகழக்கூடியதுதான். ஆயினும் அது விசாரணையின் கடைசியில் வர வேண்டிய முடிவு. முதலிலேயே வரும் முடிவு ஆகாது. சங்கத்தின் ரொக்கத்தில் ஐம்பது ரூபாய் குறைந்தால், தணிக்கை செய்பவர் இரும்புப் பெட்டியை உடைக்கப் புறப்படுவதில்லை. ரசீதுப் புத்தகத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறார். துணியில் இழை அறுந்து அறுந்து விழுந்தால் நெசவாளர் தறியைப் பிடுங்கி எறிவதில்லை. அச்சையும் விழுதையும் நாடாவையும் பாவின் இறுக்கத்தையும் வரிசையாகச் சோதிக்கிறார். இயந்திரத்துக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். செலவில்லாத சோதனை முதலில், சிறிது செலவுள்ளது அடுத்து, பெருஞ்செலவு கடைசியில் என்பதே நாம் இங்குக் கூற வந்தது.

முதலில் இவ்வியந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் தோன்றிய ராயல் என்பீல்டு கம்பெனியின் புல்லட், 1955ஆம் ஆண்டு சென்னையில் ஏற்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனியின் வாயிலாக நம் நாட்டுக்கு உரியதாயிற்று. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினர். பிறகு திருவொற்றியூர் ஆலையிலேயே முழுவதும் செய்யலாயினர். தாய் நாட்டில் 1970ஐ ஒட்டி அவ்வுற்பத்தி நின்றுபோன பின்பும் திருவொற்றியூரில் அதே அமைப்புள்ள இயந்திரம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வார்க்கப்பட்டது. 2010ஐ ஒட்டியே வார்ப்பிரும்பு ஸிலிண்டர் கொண்ட அப்பழைய இயந்திரம் விடைபெற்றது. ஆகவே நம் சாலைகளில் இன்று ஓடும் பழைய புல்லட், வயதில் இளையதாயினும் பிறப்பில் 1950ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது.

350 என்று வழங்கும் அவ்வண்டியின் ஸிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். திறன் 18 குதிரைச் சக்தி அளவே. வீச்சு நீளமாதலால் குறைந்த சுழற்சியிலேயே பளு இழுக்கும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும். இதில் நமக்கொரு நன்மை உண்டு. இக்காலத்து வண்டிகளில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரு மின்னணுப் பெட்டி ஆள்கிறது. பிழை நேர்ந்தால் அதற்குரிய கருவி கொண்டே அறிய முடியும். பழைய புல்லட்டிலோ எல்லாம் திருகாணியும் வில்லும் ஊசியுமே. கண்ணும் காதும் கையும் உள்ளவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டியின் குறையா, இயந்திரத்தின் குறையா?

இழுவை இல்லை என்றவுடன் இயந்திரத்தைக் குற்றம் சாட்டலாகாது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுக. சில சுற்றுகள் தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை இயன்றவரை மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரு சக்கரங்களின் நடுவிலுள்ள டிரம்மை விரல் நுனியால் தொட்டுப் பார்க்க. ஒன்று சுடுமானால் அந்தப் பிரேக் உராய்ந்துகொண்டே வருகிறது. அதிக இறுக்கமான செயினும், காற்றுக் குறைந்த டயரும் இதே தொல்லையைத் தரும். மூன்றாம் கியரில் செல்லுகையில் ஆக்ஸிலேட்டரைச் சட்டெனத் திருகும்போது இயந்திரத்தின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிடில், வழுக்குவது கிளட்ச். அதற்காக ஸிலிண்டரைக் கழற்றுவது, பல்வலிக்கு வயிற்றை அறுப்பது போலாகும்.

காற்றும் பெட்ரோலும்

அடுத்து இயந்திரம் மூச்சு விடுகிறதா என்று காண வேண்டும். ஏர் பில்டர் அடைபட்டால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும். ஸைலன்ஸரில் கரும்புகை வரும். பிளக் கரி பிடிக்கும். நெய்வேலிப் பக்கத்துச் சாலைத் தூசியைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. தறிக் கொட்டகையின் உள்ளேயே வண்டியை நிறுத்தும் நெசவாளர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: பஞ்சுத் துகள் பில்டரில் மட்டுமல்லாது ஸிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் இறகுகளிலும் எண்ணெயோடு கலந்து படிந்துவிடும். ஆனால், "பில்டரைக் கழற்றி எறிந்தால் வண்டி பறக்கும்" என்று சிலர் கூறும் யோசனையை ஏற்கவே கூடாது. வடிகட்டாத தூசி பிஸ்டன் வளையங்களுக்கு அரத்தூளாகும். இல்லாத தேய்மானத்தை நாமே வரவழைத்துக்கொள்ளும் வழி அது.

பெட்ரோல் ஓட்டத்தைச் சோதிக்க, நெருப்பு அருகில் இல்லாத இடத்தில், கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்துப் பார்க்க. முதலில் டாங்கியின் மூடியை மூடியும், பிறகு திறந்தும் பிடிக்க வேண்டும். மூடியிருக்கும்போது ஓட்டம் படிப்படியாக மெலிந்து, திறந்ததும் பெருகுமானால், மூடியிலுள்ள நுண்ணிய காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் குறை இது. திறந்த பின்பும் மெலிந்தே வருமானால் டாங்கிக் குழாயின் வலையில் துரு சேர்ந்திருக்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளமும் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது நீரில் நின்ற வண்டிகள் அநேகம். அவற்றின் டாங்கிகளில் அன்று தொடங்கிய துரு இன்றும் உதிர்ந்துகொண்டிருக்கலாம். புட்டியில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் செந்துகளும் நீரும் அடியில் தங்கிக் காட்டிக் கொடுக்கும்.

கார்புரேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் கைபோன போக்கில் திருகப்படும் பாகம் இதுவே. முற்பட்ட வண்டிகளில் அமால் கார்புரேட்டரும், பிற்பட்டவற்றில் மிக்கார்ப் கார்புரேட்டரும் இருக்கும். இரண்டின் தத்துவமும் ஒன்றே. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு உறுப்பு பெட்ரோலை அளந்து தருகிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட். கால் பங்கு வரை ஸ்லைடின் சாய்வான வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஆகவே எந்த நிலையில் தொல்லை தோன்றுகிறது என்று அறிந்தால், எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். கைப்பிடியில் ஒரு வெள்ளைக் கோடும், அதன் அருகே அசையாத பாகத்தில் கால், அரை, முக்கால் என்று கோடுகளும் இட்டுக்கொண்டு ஓட்டிப் பார்க்க. வேகத்தைக் கொண்டு கணிக்க வேண்டாம். இரண்டாம் கியரில் முழுதும் திறந்திருப்பதும் நான்காம் கியரில் முழுதும் திறந்திருப்பதும் கார்புரேட்டருக்கு ஒன்றுதான்.

தொல்லை தோன்றும் நிலையில் சோக்கைச் சிறிது போட்டுப் பார்ப்பது அடுத்த சோதனை. வண்டி உடனே தெளிந்தால் அந்த நிலையில் பெட்ரோல் போதவில்லை. மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி. போதாமைக்குக் காரணம் எப்போதும் ஜெட் அடைப்பே என்று கொள்ளவும் கூடாது. கார்புரேட்டருக்கும் ஸிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள இணைப்பு தளர்ந்து, அளவிடப்படாத காற்று உள்ளே நுழைவதும் உண்டு. இயந்திரம் மெல்ல ஓடும்போது அவ்விணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டால், கசிவுள்ள இடத்தில் ஓசை மாறும். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்களைக் கண்டிருக்கிறோம்; சூடான இயந்திரத்தின்மேல் அது தற்கொலைக்கு ஒப்பானது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இங்கு, பழைய கைப்புத்தகங்களில் காணாத ஒரு விஷயத்தைக் கூறியாக வேண்டும். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் படிப்படியாக வளர்ந்து, 2025இல் நாடெங்கும் 20 சதவீதம் என்ற அளவை எட்டியது. அந்த எத்தனால் கரும்புச் சாற்றிலும், மொலாஸஸ் எனப்படும் கழிவுப்பாகிலும், உடைந்த அரிசி, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலும் இருந்து பெறப்படுவது. ஆகவே கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர்க்கு அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர்களுடைய பழைய புல்லட், அது பிறந்த காலத்தில் இல்லாத எரிபொருளை இப்போது குடிக்கிறது என்பதையும் உணர வேண்டும்.

எத்தனாலுக்குப் பெட்ரோலைக் காட்டிலும் வெப்ப சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் லிட்டருக்கு ஆறு அல்லது ஏழு சதவீதம் சக்தி குறையும். எனவே மைலேஜ் சிறிது குறைந்தால் அது நோயாகாது. மற்றொன்று: ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புதிய வண்டிகள் இவ்வேறுபாட்டை உணர்ந்து தாமே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய பெட்ரோலுக்கென்று வைத்த அளவையே அது தொடர்ந்து தருவதால், கலவையில் காற்று மிகுந்து, இயந்திரம் சூடேறி, பாதித் திறப்பில் தயங்கும். பிளக்கின் பீங்கான் வெளுத்திருந்தால் இதை ஐயுறலாம். ஸ்லைடின் ஊசியில் உள்ள கிளிப்பை ஒரு காடி கீழே மாட்டி ஊசியை உயர்த்துவதும், முழுத் திறப்பிலும் தொல்லை இருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்குவதும் போதுமானவை.

எத்தனால் நீரை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால், ஈரம் சேர்ந்து, நீரும் எத்தனாலும் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். கார்புரேட்டருக்கு முதலில் செல்வது அந்த அடிநீரே. பழைய ரப்பர்க் குழாயும் வாஷர்களும் ஊறிப் பருத்து உதிரவும் செய்யும். எனவே நெடுநாள் நிறுத்துவதற்கு முன் கார்புரேட்டர்க் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். குழாயை மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டே வாங்க வேண்டும். விலை வித்தியாசம் சொற்பமே.

தீப்பொறி

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நாடி பார்ப்பதற்குச் சமம். வெளிறிய காப்பிப் பொடி நிறம் நன்று. உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி. பிசுபிசுப்பான கறுப்பு எண்ணெய் படிந்தால் எண்ணெய் மேலேறுகிறது. வெண்மை, பெட்ரோல் போதாமையையும் மிகுசூட்டையும் காட்டும். சிறிது தொலைவு ஒரே சீராக ஓட்டி, அப்போதே இயந்திரத்தை நிறுத்திக் கழற்றினால்தான் இந்த நிறம் உண்மை பேசும்; வீட்டு வாசலில் அரை மணி நேரம் மெல்ல உறுமவிட்டுக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுத்தே இருக்கும். பிளக்கின் இடைவெளி 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதில் தேயும் நார்க்கட்டை நாளடைவில் தேய, இடைவெளி சுருங்கும். தீப்பொறியும் காலம் தாழ்த்தி விழும். மெதுவாகத் தேய்வதால் ஓட்டுபவர் உணர்வதில்லை. ஓராண்டு கழித்து, "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்கிறார். பாயிண்ட் முனைகள் கருகி, திறக்கும்போதெல்லாம் பெரும்பொறி பறந்தால் கண்டென்ஸர் கெட்டது. கடலூர்த் துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் பாயிண்டிலும் மின்கம்பி இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு ஏறுவது அதிகம்.

தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்க, விளக்குத் தலையிலுள்ள அம்மீட்டர் உதவும். சாவியைப் போட்டு, கிக்கரை மிக மெல்ல அழுத்தும்போது, பாயிண்ட் மூடியிருக்கையில் முள் இடப்புறம் சாய்ந்தும், திறந்தவுடன் நடுவுக்கு மீண்டும் நிற்கும். அந்தக் கணத்தில் பிஸ்டன் உச்சிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்க வேண்டும். நுட்பமான அளவை அந்தந்த மாதிரியின் கைப்புத்தகத்தில் காண்க. பாயிண்ட் தட்டின் அடியில் வேகத்துக்கேற்ப நேரத்தை முன்தள்ளும் இரு எடைகளும் வில்களும் உள்ளன. அவை துருவால் இறுகினால், முன்தள்ளிய நிலையில் கிக்கர் காலைத் திருப்பியடிக்கும். பின்தங்கிய நிலையில் வேகம் ஏறாது, ஸைலன்ஸர் அளவுக்கு மீறிச் சுடும். இரு துளி மெல்லிய எண்ணெய் பெரும்பாலும் போதும்.

பத்துக் கிலோமீட்டரில் நின்றுபோகும் வண்டிக்கு இப்போது வருவோம். நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன் சோதித்தாலன்றி இதன் காரணம் பிடிபடாது. முதலில் டாங்கி மூடியைத் திறக்க. "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, சிறிது நேரத்தில் வண்டி கிளம்பினால் மூடித் துளையே குற்றவாளி. கிளம்பாவிடில், பையில் வைத்திருக்கும் வேறொரு பிளக்கைக் கம்பியில் மாட்டி, இயந்திரத்தின்மேல் படும்படி வைத்துக் கிக்கரை உதைக்க. வேறு பிளக் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இயந்திரத்திலுள்ளதைக் கழற்றினால் அத்துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பொறியால் பற்றக்கூடும். பொறி நீலமாகவும் ஓசையுடனும் விழ வேண்டும். மஞ்சளாக மெலிந்து விழுந்தாலும், விழாவிட்டாலும், ஆறியபின் நன்றாக விழுந்தாலும் காயிலையோ கண்டென்ஸரையோ ஐயுற வேண்டும். இவ்விரண்டிலும் சூட்டில் மட்டும் தோன்றும் குறை உண்டு. பட்டறைக்குத் தள்ளிச் செல்வதற்குள் ஆறிவிடுவதால் அங்கு எல்லாம் சரியாகவே தெரியும். காரணம் தெரியாத பட்டறை, பழியைப் போர்மேல் போடுகிறது.

வால்வும் அமுக்கமும்

டேப்பட் இடைவெளியைக் குளிர்ந்த இயந்திரத்தில், பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்போது பார்க்க வேண்டும். ஸிலிண்டரின் வலப்புறச் சிறு மூடியைத் திறந்தால் புஷ் ராடுகளின் அடி தெரியும். விரல்களால் அவை தாராளமாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. ஆடினால் ஓசையும் இழப்பும். சுழலாவிட்டால் வால்வு முழுதும் மூடாமல் அமுக்கம் கசிந்து, நாளடைவில் வால்வு கருகும். ஓசையே கேட்கக் கூடாதென்று இறுக்கித் தரச் சொல்பவர் தம் வால்வைத் தாமே எரிக்கிறார்.

இதன் பிறகே அமுக்கச் சோதனை. பிளக்கைக் கழற்றி அமுக்க மீட்டரை அத்துளையில் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து, ஐந்தாறு முறை கிக்கரை உதைத்து எண்ணைக் குறித்துக்கொள்க. பின்பு ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயைத் துளை வழியே விட்டு, மீண்டும் சோதிக்க. எண் நன்றாக உயர்ந்தால் எண்ணெய் தற்காலிகமாக அடைத்த இடம், அதாவது வளையமும் ஸிலிண்டர்ச் சுவரும், தேய்ந்திருக்கின்றன. உயராவிடில் கசிவு வேறிடத்தில்: வால்வு, கேஸ்கெட் அல்லது டீகம்ப்ரஸர்.

வடலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் அங்கத்தினர், போர் போடுவதற்கென்று மனைவியின் சங்கிலியை ஈடாக வைத்து நகைக்கடன் பெற நம் சங்கத்துக்கு வந்திருந்தார். நடவுக்கு இரண்டு வாரமே இருந்தது. அந்தப் பணம் உரத்துக்கு வேண்டியது. விண்ணப்பம் எழுதுமுன் இந்த எண்ணெய்ச் சோதனையைச் செய்து பார்க்கும்படி கூறினோம். எண் அசையவே இல்லை. கிக்கரை அழுத்தும்போது ஸிலிண்டர் தலையின் பக்கத்தில் மெல்லிய சீறல் கேட்டது. டீகம்ப்ரஸர்க் கம்பி சற்றும் தளர்வின்றி இழுபட்டு நின்றதால், உதைப்பதை எளிதாக்கும் அந்தச் சிறு வால்வு எந்நேரமும் மயிரிழை திறந்தே இருந்தது. அதன் இருக்கையிலும் கரி. கம்பியைத் தளர்த்தி, வால்வைச் சாணைப்பசையில் தேய்த்துப் பொருத்தியதும் அமுக்கம் திரும்பியது. சங்கிலி வீட்டுக்குத் திரும்பிற்று. அவர் பிறகு எடுத்தது பயிர்க்கடனே.

நீலப்புகை வந்தாலும் உடனே வளையத்தைக் குறை கூறலாகாது. புல்லட்டின் எண்ணெய், இயந்திரத்தின் அடிவார்ப்பிலேயே ஒரு தனி அறையில் தங்குகிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் அது சுழல்தண்டு அறைக்குள் மெல்லக் கசிந்து நிறையும். முதல் உதையில் புகையும், மூச்சுக் குழாயில் எண்ணெயும் தள்ளுவது அதனால்தான். சில கிலோமீட்டரில் புகை நின்றுவிட்டால் கவலையில்லை. சூடேறிய பின்பும், பளுவோடு ஏறும்போதும் விடாமல் புகைந்தால் அது வேறு செய்தி.

மெய்யாகவே தேய்ந்த ஸிலிண்டரும் உண்டு என்று முன்பே கூறினோம். அந்நிலையில் பட்டறையில் சிலவற்றை வற்புறுத்திக் கேட்க வேண்டும். உள்விட்டத்தை மேல், நடு, கீழ் என மூவிடத்தில் டயல் கேஜ் கொண்டு அளந்து காட்டச் சொல்க. புதிய பிஸ்டனை வாங்கி, அதன் அளவுக்கே கடையச் சொல்க. கடைந்தபின் பிஸ்டனைத் தேடுவது தலைகீழ் வேலை. வார்ப்பிரும்புச் சுவரைச் சில படிகள் மட்டுமே கடைய முடியும். ஒருமுறை வீணாகக் கடைந்தது திரும்பி வாராது. பழைய பிஸ்டனைக் கேட்டு வாங்கிக்கொள்க. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, இடையே எண்ணெயை மாற்றுக.

ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்போர்க்கு இதில் பாதி பொருந்தாது. அவை இரட்டை வீச்சு இயந்திரங்கள், வால்வு கிடையாது. அவற்றில் எளிதாகக் கிளம்பியும் வேகம் ஏறாமலிருந்தால், முதலில் ஸைலன்ஸரிலும் புகை வெளியேறும் துளையிலும் படிந்த கரியைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கச் செல்வோர் இச்சோதனைகளை முன்னதாகவே செய்துகொள்வது நன்று. புகைச் சான்றிதழில் 2000 மார்ச் 31க்கு முற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரையே அனுமதி. அடைபட்ட பில்டரும் மிகுதியாகத் திருகிய பைலட் ஸ்குருவும் இந்த வரம்பை எளிதில் தாண்டச் செய்யும்.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய கருவிகள் பீலர் கேஜ், அமுக்க மீட்டர், பிளக் ஸ்பானர், மிகையாக ஒரு பிளக் ஆகியவையே. தனி ஒருவர் ஆண்டுக்கு இருமுறை எடுக்கும் அமுக்க மீட்டரை ஒவ்வொரு வீட்டிலும் வாங்குவது வீண். சங்கம் ஒன்று வாங்கி, பெயரெழுதிக் கொடுத்து வாங்கலாம். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், பிளக்கின் நிறம், அமுக்க எண் ஆகியவற்றை எழுதி வரட்டும். எண் ஒருமுறை எவ்வளவு என்பதைவிட, சென்ற ஆண்டைக் காட்டிலும் எவ்வளவு இறங்கியது என்பதே அதிகம் சொல்லும். பீலர் கேஜைத் திருப்பிக் கொடுக்கும்போது தகடுகளை எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுக்க வேண்டும். துரு ஏறிய தகடு காட்டும் 0.40, 0.40 ஆகாது.